எழும்பும் நேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள்?

கொழும்பில் ஒரு முதியோர் இல்லத்துக்கு நீங்கள் காலை பத்து மணிக்குப் போனால் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. தரை துடைத்து டெட்டோல் மணக்கும், எல்லோரும் குளித்து, தலை இழுத்து, முகத்துக்குப் பவுடர் போட்டு விறாந்தையில் வரிசையாகக் கதிரையில் இருப்பார்கள், "நல்ல வடிவாப் பார்க்கினம்" என்று அன்றிரவே ரொறன்ரோவில் இருக்கும் மகனுக்குச் சொல்லிவிடலாம். நாம் பார்க்காதது காலை நாலரை மணியை.

என் பெரியம்மா கடைசி மூன்று வருடம் இருந்த இல்லத்தில் நாலரைக்கு லைட் போடுவார்கள். இரவு டியூட்டி ஏழு மணிக்கு முடிகிறது, அதற்குள் 22 பேரையும் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, கதிரையில் இருத்தி, காலையில் வருபவர்களிடம் ஒப்படைக்க வேண்டும், இதைச் செய்ய இருப்பது பராமரிப்பு வேலைக்கு வந்த இரண்டே இரண்டு பிள்ளைகள், ஆகவே நாலரைக்குத் தொடங்கினால்தான் முடியும். கணக்குச் சரிதான். ஆனால் பெரியம்மாவுக்கு அப்போது 83 வயது, மார்கழி மாதம், பச்சைத் தண்ணீர். "என்னைக் கேட்காமல் என்னைக் குளிப்பாட்டுகினம்" என்று அவர் சொன்னபோது குளிரைப் பற்றித்தான் முறையிடுகிறார் என்று நினைத்து, சுடுதண்ணீர் வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். வைத்தார்கள். நாலரை மணி நாலரை மணியாகவே இருந்தது. அந்த வசனத்தில் பெரிய சொல் 'கேட்காமல்' என்பது எனக்கு விளங்க ஒரு வருடம் எடுத்தது.

அங்கே கொடுமைக்காரர் என்று ஒருவரும் இல்லை. ஆட்கள் குறைவாக இருக்கும் எந்த இடத்திலும் நாள் முழுவதும் வேலையைச் சுற்றியே அமைந்துவிடும், இருப்பவர்களைச் சுற்றி அமையாது. எத்தனை மணிக்கு எழும்புவது, எப்போது சாப்பிடுவது, எந்தச் சேலை, யாருக்குப் பக்கத்தில் கதிரை, டிவியில் எது என்று ஒரு நாளில் நாம் நூறு சின்ன முடிவு எடுக்கிறோம். இல்லத்துக்குப் போகும் முதல் நாளே இந்த நூறும் வேறு ஒருவரின் கைக்கு மாறிவிடுகிறது. வாழ்க்கைத் தரம் என்று கதைக்கும்போது நாம் ஏசி அறை, புதுக் கட்டில், டாக்டர் எத்தனை தரம் வருகிறார் என்று கேட்கிறோம். கேட்க வேண்டியவைதான். ஆனால் அந்த நூறில் எத்தனை இன்னும் அவர் கையில் இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

'நர்சிங் ஹோம்' என்று கொழும்பில் சொன்னால் பழைய ஆட்களுக்கு நினைவு வருவது சின்னத் தனியார் ஆஸ்பத்திரி, பிள்ளை பெறப் போகிற இடம். நான் இங்கே சொல்வது முதியோர் இல்லங்களை. அதிலும் பல வகை. மருதானையில் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை நூறு வருடத்துக்கு மேலாக நடத்துவது போன்ற தர்ம இல்லங்கள் ஒரு பக்கம், மாதக் காசு கட்டி இருக்கிற தனியார் இல்லங்கள் இன்னொரு பக்கம், தெஹிவளை, இரத்மலானைப் பக்கம் பெரிய வீடொன்றை வாடகைக்கு எடுத்து எட்டுப் பத்துப் பேரை வைத்துப் பார்க்கும் இடங்கள் வேறு.

இவை கூடிக்கொண்டுதான் போகும். 2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கையில் 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் 7.9 சதவீதம், 2024 மதிப்பீட்டில் 12.6 சதவீதம். பன்னிரண்டு வருடத்தில் இவ்வளவு. தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை இதன்மேல் இன்னொன்றும் சேர்கிறது. யுத்த காலத்தில் பிள்ளைகள் வெளிநாடு போனார்கள், தாய் தகப்பன் ஊரை விட்டு வெள்ளவத்தையில் ஒரு பிளாட்டுக்கு வந்தார்கள், பிறகு ஒருவர் காலமானார், மற்றவர் மூன்றாம் மாடியில் லிப்ட் வேலை செய்யாத நாளில் கீழே இறங்க முடியாமல் இருக்கிறார். இங்கேயே இருக்கும் பிள்ளைகளும் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். "பெத்த தாயைக் கொண்டுபோய் விட்டுட்டான்" என்று சனம் கதைக்கும். ஆனால் பகல் முழுக்கப் பூட்டிய பிளாட்டில் தனியாக இருப்பதை விட நல்ல இல்லம் ஒன்று நல்லது என்று நான் பயமில்லாமல் சொல்வேன், 'நல்ல' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடக்கூடாது.

சட்டமும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது, அவர்களைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. பராமரிப்புக் கேட்டு முதியவர் போகக்கூடிய சபையும், முதியோருக்கான தேசிய செயலகமும் அதன் வழியாக வந்தவை. பிள்ளை காசு கட்டினால் அந்தக் கடமை கணக்கில் முடிந்துவிடலாம். நாலரை மணிக் குளிப்பைச் சட்டம் தொடாது.

சரி, கேட்டுச் செய்தால் என்ன மாறும்? இதை முதலில் ஒழுங்காகப் பரிசோதித்தவர்களில் எலன் லாங்கர், ஜுடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் முக்கியமானவர்கள். 1976இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஓர் இல்லம். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைப்பது, யாரைச் சந்திப்பது, எந்த இரவு படம் பார்ப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு என்று சொல்லி, விரும்பியவர்களை ஒரு செடியைத் தெரிந்தெடுக்கச் சொல்லி, நீங்களே தண்ணீர் ஊற்றுங்கள் என்றார்கள். மற்ற மாடியில் செடியைத் தாங்களே கொடுத்து, தாதி தண்ணீர் ஊற்றுவார், உங்களைச் சந்தோஷமாக வைத்திருப்பது எங்கள் பொறுப்பு என்றார்கள். வித்தியாசம் இவ்வளவுதான். சில கிழமையிலேயே முதல் மாடிக்காரர் உற்சாகமாகவும் கூடுதலாக நடமாடிக்கொண்டும் இருந்தார்கள். 18 மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 15 சதவீதமானோர் இறந்திருந்தார்கள், மற்றதில் 30 சதவீதம். இந்த இறப்புக் கணக்கைப் பலர் எடுத்துச் சொல்வார்கள், ஆனால் அந்த எண்ணிக்கையின் பலம் முதலில் எழுதிய அளவுக்கு இல்லை என்று ஆய்வாளர்களே பிறகு திருத்தம் வெளியிட்டார்கள். ஆகவே செடி உயிரைக் காக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு முக்கியம் முதல் சில கிழமையில் நடந்தது: ஒரு தொட்டிச் செடி, இரண்டு விதமான பேச்சு, மனிதர் மாறிப்போனார்கள்.

அதே நாட்டில் 1991இல் பில் தோமஸ் என்ற இளம் டாக்டர், நியூயோர்க் மாநிலத்தின் ஒரு சின்ன ஊர் இல்லத்துக்குப் பொறுப்பாக வந்தபோது, அங்கே இருந்தவர்களைத் தின்பது வருத்தங்கள் மட்டும் அல்ல, சலிப்பு, தனிமை, ஒன்றுக்கும் உதவாதவராகிவிட்டோம் என்ற உணர்வு ஆகிய மூன்றும்தான் என்று கண்டார். நூறு பறவை, இரண்டு நாய், நான்கு பூனை, அறைக்கு அறை செடி, தோட்டம், சின்னப் பிள்ளைகள் என்று கொண்டுவந்து இறக்கினார். மருந்துப் பாவனை, அதிலும் ஆளை அடக்கி வைக்கும் மருந்துகள், பெரிதாகக் குறைந்தன. கொழும்பில் நூறு கிளியை வைக்க யாருக்கும் இடமில்லை. ஆனால் முற்றத்தில் ஒரு கறிவேப்பிலை, இரண்டு மிளகாய்க் கன்று, ஒரு துளசி வைக்க முடியாத இல்லமும் இல்லை. பெரியம்மாவின் இல்லத்தில் ஓர் அம்மா, யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்தவர், மதியச் சமையலுக்குக் கறிவேப்பிலை ஆய்ந்து கொடுப்பது தன் வேலை என்று எடுத்துக்கொண்டார். ஒரு நாள் மழை என்று சமையல்காரர் தானே ஆய்ந்துவிட்டார், அன்று முழுக்க அந்த அம்மா அவரோடு கதைக்கவில்லை.

இனி நான் கூட நேரம் நிற்க விரும்பும் இடம், மொழி.

தன் நாளைத் தான் நடத்த ஒருவருக்குச் சொல் வேண்டும். கொழும்பில் பெரும்பாலான இல்லங்களில் பார்க்கும் பிள்ளைகள் சிங்களம் பேசுபவர்கள். இருக்கும் தமிழ் முதியவர்களில் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் சிங்களம் சரளமாகப் பேசுவார்கள், கந்தோர் உத்தியோகம் பார்த்தவர்கள் ஆங்கிலத்தில் சமாளிப்பார்கள். ஆனால் 65, 70 வயதில் கொழும்புக்கு வந்தவர்களுக்கு இரண்டும் இல்லை. அதைவிட முக்கியமானது, மறதி நோய் வந்தால் பலருக்குப் பிந்திப் படித்த மொழி முந்திப் போய்விடும். நாற்பது வருடம் சிங்களத்தில் வேலை பார்த்தவர் ஒரு நாள் சிறுவயதுத் தமிழுக்குத் திரும்பிவிடுவார், அவரோடு இவ்வளவு நாளும் சிங்களத்தில் கதைத்த பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. "அறளை பெயர்ந்துவிட்டது" என்று நம்மவரே சொல்வோம். உண்மையில் அவர் தெளிவாகத்தான் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருப்பார், கேட்க ஆள் இல்லை.

நோவை எடுத்துப் பாருங்கள். தமிழில் குத்துது, உளையுது, கடுக்குது, எரியுது, விறைக்குது, இழுக்குது என்று ஒவ்வொன்றும் வேறு. நெஞ்சு எரிவதும் நெஞ்சு இறுக்குவதும் ஒன்றல்ல, ஒன்றுக்குப் பாணி மருந்து, மற்றதுக்கு அம்புலன்ஸ். மொழி தெரியாத பிள்ளைக்கு இவை எல்லாம் ஒரே சத்தம், பனடோல் இரண்டு. பேச்சே போய்விட்டவர்களுக்கு என்றால் மூச்சு எப்படி இருக்கிறது, முனகுகிறாரா, முகம் சுளிக்கிறாரா, உடம்பை இறுக்குகிறாரா, தடவிக்கொடுத்தால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து நோவை மதிப்பிடும் முறை உலகம் முழுக்க இருக்கிறது, மொழியே தேவையில்லை. ஆனால் பேசக்கூடியவரையும் நாம் பேச்சற்றவராக ஆக்கி வைத்திருக்கிறோம்.

இதற்குப் பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். ஒரு ஏ4 தாளில் முப்பது தமிழ்ச் சொல்லைச் சிங்கள எழுத்தில் எழுதி, பக்கத்தில் அர்த்தம் போட்டு, சுவரில் ஒட்டலாம். தண்ணி, பசிக்குது, நோகுது, எங்கே நோகுது, குளிருது, வெளிக்குப் போக வேணும், லைட்டை நூருங்கோ, வேண்டாம். 'வேண்டாம்' கட்டாயம் இருக்க வேண்டும். பெரியம்மாவுக்கு நாங்கள் செய்தோம், இரண்டு கிழமையில் மொனராகலைப் பக்கத்துப் பிள்ளை ஒன்று, 20 வயது இருக்கும், "அம்மா, எங்கே நோகுது?" என்று யாழ்ப்பாண இழுவையோடு கேட்கப் பழகிவிட்டது. பெரியம்மாவின் முகத்தை நான் அப்போது பார்த்தேன்.

கூப்பிடும் முறையும் இதில்தான் வரும். 36 வருடம் படிப்பித்தவரை எல்லோரும் 'ஆச்சி' என்றால் அவருக்குப் பிடிக்காது. அது மரியாதைச் சொல்தான், ஆனால் அவருடைய சொல் அல்ல. அவர் 'டீச்சர்'. இன்னொருவர் 'ஐயா', வேறொருவர் 'மாஸ்டர்', வாழைத்தோட்டத்திலிருந்து வந்த முஸ்லிம் அம்மா 'உம்மும்மா'. வந்த அன்றே கேட்டு எழுதிவைத்தால் முடிந்தது.

காலையில் ஒருவர் வீரகேசரிப் பத்திரிகையை உரத்து வாசித்துக் காட்டினால் போதும், அரை மணி நேரத்துக்கு அந்த விறாந்தை வேறு இடமாகிவிடும். மரண அறிவித்தலில் தொடங்குவார்கள். எந்த ஊர், யாருடைய மகன், எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்று ஒன்றிலிருந்து ஒன்றாகக் கதை போகும், நேற்று என்ன சாப்பிட்டோம் என்று சொல்லத் தெரியாதவர் 1962இல் யார் யாரைக் கட்டினார் என்று சொல்வார். பாட்டும் அப்படித்தான். பதின்ம வயதிலும் இருபதுகளிலும் பதிந்த நினைவுகள் கடைசி வரை தங்குவது தெரிந்த விஷயம், இன்று 80ஐத் தாண்டியவர்களுக்கு அந்த வயதில் வீடு முழுக்க இலங்கை வானொலி. டிவியில் நாள் முழுக்க ஓடும் சிங்கள நாடகத்தை ஒரு மணி நேரம் நிறுத்திப் பழைய பாட்டைப் போட்டுவிடுங்கள். அப்புறம் ஆடிவேல் தேர்த் திருவிழா. தேர் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் நாளில் இரண்டு வீல்செயாரைக் காலி வீதிக்குத் தள்ளிக்கொண்டு போக நாலு இளைஞர் கிடைக்க மாட்டார்களா என்ன.

உடம்பு விஷயத்தில் ஓடுகிற ஓட்டத்தில் சிலவற்றைச் சொல்கிறேன், ஏனென்றால் காது அடைத்திருப்பவருக்கும் கண் மங்கியவருக்கும் நீங்கள் எந்தத் தெரிவைக் கொடுத்தும் பயனில்லை. காதில் குறும்பி அடைத்து வருடக்கணக்காகச் செவிடு என்று இருப்பவர் உண்டு, டாக்டர் ஒருவர் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுவார். கட்டராக்ட் ஒப்பரேஷனை "இந்த வயதில் எதுக்கு" என்று தள்ளாதீர்கள். கேட்கும் சக்தி குறைவதும், பார்வை குறைவைக் கவனிக்காமல் விடுவதும் மறதி நோய்க்கான ஆபத்துக் காரணங்கள் என்று 2024இல் லான்செட் மருத்துவ சஞ்சிகையின் ஆணைக்குழு பட்டியலிட்டிருக்கிறது. வெள்ளவத்தையில் முதியோருக்கான தொண்டு நிறுவனமான ஹெல்ப்ஏஜ் நடத்தும் கண் ஆஸ்பத்திரி இதற்காகவே இருக்கிறது.

வாயைத்தான் ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை. கட்டுப்பல் கழுவாமல் நாலு நாள் வாயிலேயே இருக்கும், அல்லது குளிக்க வைக்கும்போது கழற்றிப் பக்கத்துக் கட்டில்காரரின் கோப்பையில் போய்விடும். பல் இல்லையென்றால் எல்லாச் சாப்பாடும் கஞ்சி, கஞ்சி என்றால் மெலிவு, மெலிவென்றால் விழுவது. ஜப்பானில் 11 இல்லங்களில் இரண்டு வருடம் பார்த்த ஓர் ஆய்வில், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் வாய் சுத்தம் செய்தவர்களில் 11 சதவீதமானோருக்கு நியூமோனியா வந்தது, செய்யாதவர்களில் 19 சதவீதம். வாயில் இருக்கும் கிருமி எச்சிலோடு நெஞ்சுக்குள் இறங்குகிறது, அவ்வளவுதான் விளக்கம். பிரஷ் ஒன்றின் விலை எவ்வளவு என்று நான் சொல்லத் தேவையில்லை.

தண்ணீருக்கும் கக்கூசுக்கும் உள்ள தொடர்பு இன்னும் மோசமானது. வயது போகப் போகத் தாகம் எடுப்பது குறையும், ஆகவே கேட்டுக் கேட்டுக் கொடுக்க வேண்டும். ஆனால் கூட்டிப்போக ஆள் இல்லாத இல்லத்தில் முதியவர்களே தண்ணீரைத் தவிர்ப்பார்கள், குடித்தால் போக வேண்டும், போக வேண்டுமென்றால் ஒருவரைக் கூப்பிட வேண்டும், கூப்பிட வெட்கம். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், சலக்கிருமி, அதோடு ஒரே இரவில் மாறாட்டம், ஆளைத் தெரியாமல் கத்துவது. "அம்மாவுக்கு மூளை பிசகிவிட்டது" என்று போன் வரும். சலத்தைச் சோதித்துப் பாருங்கள் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் குடும்பத்தில் வேண்டும். நடக்கக்கூடியவருக்கும் வசதிக்காகப் பம்பர்ஸ் கட்டிவிடுவது இன்னொரு வழக்கம். கட்டிய பிறகு "அதிலேயே போங்கோ" என்பார்கள். வாழ்நாள் முழுக்கக் கட்டுப்பாடாக இருந்த ஒரு மனிதருக்கு இதைவிடப் பெரிய அவமானம் எனக்குத் தெரியவில்லை. இரண்டு மணிக்கு ஒரு தரம் கூட்டிப்போனால் பலருக்குப் பகலில் பம்பர்ஸே வேண்டாம். அதே இரண்டு மணிக் கணக்கில்தான் படுக்கையில் இருப்பவரைப் புரட்டிப் படுக்க வைப்பதும், படுக்கைப்புண் வராமல் இருக்க.

இரவுச் சாப்பாடு மாலை ஐந்தரைக்கு, காலைச் சாப்பாடு எட்டு மணிக்கு என்றால் இடையில் பதினாலரை மணித்தியாலம். அமெரிக்க விதிகளில் இந்த இடைவெளி சாதாரணமாக 14 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுபவருக்கு விடிய மூன்று மணிக்குச் சீனி இறங்கி, வேர்த்து, விழுந்துவிடலாம். படுக்கும் முன் ஒரு கப் பாலும் இரண்டு மாரி பிஸ்கட்டும் போதும்.

விழுவதைப் பற்றிய பயத்தில்தான் பல இல்லங்களில் ஆளைக் கதிரையோடு துணியால் கட்டுகிறார்கள், கட்டிலுக்கு இரண்டு பக்கமும் கம்பி ஏற்றுகிறார்கள். பெற்ற பிள்ளைகளே கேட்டு எழுதிக் கொடுப்பதும் உண்டு. அமெரிக்காவில் 1987இல் வந்த இல்லச் சீர்திருத்தச் சட்டம் வசதிக்காகக் கட்டிவைப்பதைத் தடுத்தது, அதன் பிறகு அங்கே கட்டுவது வெகுவாகக் குறைந்தது, அதனால் எல்லோரும் விழுந்து நொறுங்கிவிடவும் இல்லை. கம்பிக்கு மேலால் ஏறி இறங்கப் பார்த்து விழுபவர், கம்பி இல்லாமல் விழுபவரை விட உயரத்திலிருந்து விழுகிறார். கட்டி வைத்தால் கால் தசை கரைந்து, அவிழ்த்த நாளில் கட்டாயம் விழுவார். கட்டில் பதிவாக இருக்கட்டும், இரவில் கக்கூசுக்குப் போகும் வழியில் ஒரு சின்ன லைட், வழுக்காத செருப்பு, இவை செய்யும் வேலையைத் துணி செய்யாது. குளிசையால் கட்டுவதும் கட்டுவதுதான். மறதி நோயுள்ளவர்களை அமைதிப்படுத்தக் கொடுக்கும் ஒரு வகை மனநோய் மருந்துகள் இறப்பு ஆபத்தைக் கூட்டுகின்றன என்று 2005இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கடும் எச்சரிக்கை கொடுத்தது. "இரவில் சத்தம் போடுகிறார், டாக்டர் ஒரு குளிசை கூட்டியிருக்கிறார்" என்று சொன்னால், என்ன குளிசை, எத்தனை நாளுக்கு, எப்போது குறைப்பீர்கள் என்று மூன்றையும் கேளுங்கள். மறதி நோய் பற்றிக் குடும்பத்துக்கு ஆலோசனை வேண்டுமென்றால் மருதானையில் லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேஷன் இருக்கிறது.

இதெல்லாம் யார் செய்வது? அதே இரண்டு பிள்ளைகள்தான். இங்கே கோபப்படுவதற்கு முன் அவர்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தூர ஊரிலிருந்து வந்து, இல்லத்திலேயே ஓர் அறையில் நாலு பேராகப் படுத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆளைத் தூக்குகிறார்கள். கொஞ்சம் பழகி, பராமரிப்பாளருக்கான என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழும் எடுத்தால் இஸ்ரேலுக்கோ ஜப்பானுக்கோ போகலாம், 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு போகாமல் இருப்பார்களா? நானும் போவேன். ஆகவே முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும், முதியவர் ஒவ்வொரு மூன்று மாதமும் புது ஆளின் முன் உடுப்புக் கழற்ற வேண்டும். இதை முழுதாகத் தீர்க்க முடியாது. ஆனால் ஒரே பிள்ளைக்கு ஒரே ஆறு பேர் என்று பொறுப்புக் கொடுத்தால், நாளுக்கு நாள் மாற்றாமல் விட்டால், அந்தப் பிள்ளைக்கு அந்த ஆறு பேரையும் தெரியும், யாருக்கு இன்று முகம் சரியில்லை என்று டாக்டருக்கு முதலே தெரியும். காசு கட்டும் குடும்பங்கள் நான்கு ஐந்து சேர்ந்து, கட்டணத்தை எதற்குக் கூட்டுகிறீர்கள், புது டைல்ஸுக்கா சம்பளத்துக்கா என்று கேட்கலாம். நான் சம்பளத்துக்குத்தான் கொடுப்பேன். அந்தப் பிள்ளைகளின் பெயரைத் தெரிந்துகொண்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டு, தீபாவளிக்கு அவர்களுக்கும் ஒரு பலகாரப் பெட்டி கொண்டு போங்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ரொறன்ரோவில் காலை எட்டு மணி, வேலைக்குப் போகும் வழியில் வட்ஸ்அப் எடுப்பீர்கள், இங்கே மாலை ஐந்தரை, ஆறரை, சரியாகச் சாப்பாட்டு நேரம். ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, "சாப்பிட்டீங்களா அம்மா, மருந்து போட்டீங்களா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவீர்கள். அது சுகம் விசாரிப்பு, கதை அல்ல. கிழமையில் ஒரு நாள் அவர் சொல்லும் நேரத்தில் எடுத்து, அவரிடம் ஏதாவது கேளுங்கள், ஆலோசனை கேளுங்கள். பருப்புக்கு என்ன தாளிப்பது, பேரனுக்கு இந்தப் பெயர் வைக்கலாமா, இந்தச் சாதகம் பொருந்துமா. யாராவது தன்னிடம் ஏதாவது கேட்க மாட்டார்களா என்றுதான் அங்கே பலர் இருக்கிறார்கள்.

இல்லம் தெரிவு செய்யும்போது, சொல்லாமல் ஒரு தரம் போங்கள், மாலை ஐந்து மணிக்கு அல்லது ஞாயிற்றுக்கிழமை. தரையைப் பார்க்க வேண்டாம், ஒருவர் கூப்பிட்டால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறது என்று பாருங்கள், அலுமாரியில் அவருடைய சொந்த உடுப்பு இருக்கிறதா, துவைத்துப் பொதுவில் போட்டுக் கையில் கிடைத்ததை உடுத்துகிறார்களா என்று பாருங்கள். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகிறார்களா என்பது எனக்கு மிகப் பெரிய அடையாளம்.

சாவைப் பற்றி இல்லங்களில் கதைப்பதில்லை. ஒருவர் இரவில் காலமானால் மற்றவர்கள் எழும்ப முன் பின் வாசலால் கொண்டுபோய், கட்டிலைக் கழுவி, இரண்டு நாளில் புது ஆள் வந்துவிடுவார். கேட்டால் "ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறா" என்பார்கள். கவலைப்படுவார்கள் என்று மறைக்கிறார்கள், ஆனால் எல்லோருக்கும் தெரியும், நாளைக்குத் தன்னையும் இப்படித்தான் கொண்டுபோவார்கள் என்பதும் தெரியும். பெரியம்மாவின் பக்கத்துக் கட்டில்காரர், இரண்டு வருடச் சிநேகிதி, இப்படிப் போனபோது பெரியம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. அதன் பிறகு நாங்கள் சில குடும்பங்கள் போய்க் கதைத்தோம். இப்போது அங்கே ஒருவர் காலமானால் காலையில் எல்லோருக்கும் சொல்லி, அவருடைய படத்துக்கு முன் ஒரு விளக்கோ மெழுகுதிரியோ ஏற்றி, போக விரும்புகிறவர் போய்ப் பார்க்க விடுகிறார்கள். அழுகிறார்கள்தான். பிறகு தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு போனவரைப் பற்றிக் கதைக்கிறார்கள்.

அந்தச் சந்திப்பில்தான் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் எழுதிவைப்பது என்று முடிவானது. எப்படிக் கூப்பிட வேண்டும், என்ன வேலை பார்த்தவர், எந்தக் காது கேட்கும், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், எது சாப்பிட மாட்டார், எதற்குப் பயம், எந்தச் சாமி, வருத்தம் முற்றினால் ஆஸ்பத்திரியா இங்கேயா, கொள்ளி வைப்பது யார், முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளைகளைக் கேட்டு அல்ல, அவரைக் கேட்டு எழுத வேண்டும் என்பது பெரியம்மா போட்ட நிபந்தனை. அவருடையதை நான்தான் எழுதினேன், வசனம் வசனமாகச் சொல்லி, இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை திருத்தினார். கடைசி வரி: "காலையில் நானாக எழும்பித் தேத்தண்ணீர் குடிக்கும் வரைக்கும் என்னோடு ஒருவரும் கதைக்கக் கூடாது. அதுக்குப் பிறகு எவ்வளவு நேரமும் கதைக்கலாம்." மேட்ரன் அதைச் சிங்களத்தில் எழுதுவித்து அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினார். அடுத்த கிழமை நான் போனபோது இரவு டியூட்டிப் பிள்ளை அந்த வரியைக் காட்டி, தன் ஊரில் இருக்கும் ஆச்சியும் இப்படித்தான் என்று சிரித்தது. குளிப்பு பதினொரு மணிக்கு மாறியிருந்தது.